விளக்கு வைத்த நேரத்தில் வந்த போன்

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து மப்பு. மழையைக் காணோம்.

மாதக் கடைசியோடு வேலையை விடுவது உறுதி. துறைமுகத்தில் பதினாறு வருடம் அடுத்தவன் கன்டெய்னரை எண்ணியது போதும். புதுக்கோட்டையில் சொந்த லாரி புக்கிங் ஆபீஸ். ராஜினாமாக் கடிதம் சட்டைப்பையில்.

பாக்கி: போர்டு எழுதக் கொடுக்க. குடை. அப்பாவுக்குத் தனி இன்சூரன்ஸ் (வேலை போனால் கம்பெனி குரூப் பாலிசியும் போச்சு).

குரூப் – அப்பாவுக்காகச் சம்பளத்தில் மாதம் எழுநூறு. எந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.
தனி – மாதம் மூவாயிரத்துச் சொச்சம். பழைய நோய் என்றால் மூன்று வருடம் பொறுக்கணும்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நம்பவே முடியவில்லை.

நவ. 4, செவ்வாய்
ஆபீசில் இன்சூரன்ஸ் பார்க்கும் சண்முகத்திடம் கேட்டேன், எப்படி இவ்வளவு மலிவு என்று.

"முந்நூறு பேரு இருக்கோம்லா அண்ணாச்சி. பாதிக்கு மேல சின்னப் பயலுவ. அவனுவ ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்ல. அதான் நம்ம அப்பாமாருக்கு ஓடுது."

மத்தியானம் யார்டில் ஹெல்மெட்டோடு போன பயல்களை நின்று பார்த்தேன். பெயர் கூடத் தெரியாது. என் அப்பாவைத் தாங்குகிறார்கள். மலைப்பாக இருந்தது. டீ வாங்கிக் கொடுக்கத் தோன்றியது, கொடுக்கவில்லை.

தனி பாலிசிக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர் அப்பாவுக்குப் போன் செய்து விசாரிப்பாராம்.

நவ. 6, வியாழன்
தூறல். தனி பாலிசி நிராகரிப்பு. காரணம்: சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுவலி. எல்லாம் அப்பா வாயால் சொன்னது!

ஓடினேன், அப்பாவின் மளிகைக் கடைக்கு. பருப்பு அளந்துகொண்டிருந்தார்.

"அந்த டாக்டர் பிள்ள விளக்கு வச்ச நேரத்துல போன் போடுதா. கல்லாவுல நின்னுக்கிட்டு 'இல்ல'ன்னு எப்படிலே சொல்லுவேன்? கேட்டதுக்கெல்லாம் இருக்குன்னேன்."

நாற்பது வருடக் கடைப்பழக்கம். உப்பு தீர்ந்தாலும் 'நாளைக்கு வரும்' என்பவர். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அவர் சிரிக்கவில்லை. "அதுல ஒண்ணு நெசம்லே. மூட தூக்கும்போது நெஞ்சைப் பிடிக்கி. ஆறு மாசமா."

நவ. 7, வெள்ளி
வெயில். ஆஸ்பத்திரி. கம்பெனி கார்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்கள். நாளை ஆஞ்சியோ. போர்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

நர்ஸ், "வேற எதுவும் தொந்தரவு இருக்கா தாத்தா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டார். மணி பதினொன்று.

"இல்ல தாயி."