பின் சைட்டில் பச்சைத் தரை

என் உயிரான அப்பாவுக்கு,

பொம்மனஹள்ளி வீட்டின் பின் சைட்டை, அந்தக் காலி மனையை, இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தரை முழுக்க பிளாஸ்டிக் புல். அதில் வெள்ளைக் கோடுகள், நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் நைலான் வலை. நீங்கள் போய் ஒன்றரை வருடம்தான் ஆகிறது. யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுகோடியில் என் வீட்டிலிருந்து வழக்கம்போல அம்மாவைப் பார்க்க வந்தேன். பின்னால் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாடியில் குடியிருக்கும் தம்பி குமரன், மேஸ்திரியோடு நின்று டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். அம்மா விளையாடுவதற்கு கோர்ட் போடுகிறோம் என்றான். அறுபத்தாறு வயதில், தினமும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற அம்மா விளையாடப் போகிறாளாம். நீங்களாக இருந்தால் நம்பியிருப்பீர்களா?

அந்த சைட் எனக்கும் குமரனுக்கும்தான் என்று வாயால் சொன்னீர்களே தவிர எழுதி வைக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் குமரன் அம்மாவிடமிருந்து மாநகராட்சியின் சொத்துப் பதிவான கத்தா காகிதங்களை வாங்கிப் போயிருந்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. வலை கட்டி, கேட் வைத்து, பூட்டும் போட்டுவிட்டால் அப்புறம் அந்த இடம் யாருடையது?

மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, யார் சொல்லி இந்த வேலை என்று கன்னடத்தில் விசாரித்தேன். "அம்மாவ்ரே ஹேளித்து," என்றார். அம்மாதான் சொன்னாளாம். குமரன் நன்றாகச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அம்மாவின் வாஷிங் மெஷினைச் சுத்தம் செய்தபோது, உள்ளே மிளகைப் பொடித்ததுபோலக் கறுப்புத் துகள்கள். ரப்பர். செயற்கைப் புல்லுக்கு நடுவில் தூவுவது. மேஸ்திரி சாம்பிள் பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் நம் வீட்டில் அதுவரை புல்லே விரிக்கவில்லை, மூட்டைகூடப் பிரிக்கவில்லை. கோயிலில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். எந்தக் கோயிலில் அப்பா ரப்பர் உதிர்கிறது?

வியாழக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். வியாழன்தோறும் போகிற கோயில் என்று சொல்லிச் சாயங்காலம் பையோடு கிளம்பிய அம்மாவை ஆட்டோவில் பின்தொடர்ந்தேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஓசூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற புல் மைதானம். நான் வலைக்கு வெளியே நின்றேன். உள்ளே அம்மா, கேன்வாஸ் ஷூவும் சுடிதாருமாக. அவளைச் சுடிதாரில் நான் பார்த்ததே இல்லை. கூட இன்னும் மூன்று பெண்கள், எல்லோருக்கும் நரைத்த தலை. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு வயதானவர் பாயிண்ட் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் எதற்கோ சிரித்தாள்.

ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை, அப்பா. அந்த ஆள் யார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா திரும்பினாள், என்னைக் கண்டாள், அடுத்த சர்வீஸைப் போட்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில்தான் வாயைத் திறந்தாள். பாயிண்ட் சொன்னவர், பீன்யாவிலிருந்து வரும் ரோஸி ஆன்ட்டியின் கணவர். ரோஸி ஆன்ட்டி அம்மாவோடு ஃபேக்டரி டீமில் ஆடியவர். அம்மா வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். டீமில் ஆடினாள் என்பது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"கல்யாணமான புதுசுல உங்கப்பா ஒரு நாள் கிரவுண்டுக்கு வந்தாரு," என்றாள். "வேலிக்கு வெளியவே நின்னு முழு மேட்சும் பாத்தாரு. அன்னிக்கு நாங்க ஜெயிச்சோம். வீட்டுக்கு வந்ததும் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. கை குடுத்தானே, அவன் யாருன்னு."

"ஆட வேணாம்னாரா?"

"இல்லயே. நான்தான் பேட்டைத் தூக்கிப் பரண்ல போட்டேன்."

பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் இங்க வந்து ஆடறத உன்கிட்ட சொல்லாதன்னு குமரன்கிட்ட நான்தான் சொன்னேன். நீ அப்படியே உங்கப்பாடி. நேரா கேக்க மாட்ட. பின்னாடியே வந்து நிப்ப."

மீதியையும் அவளே சொன்னாள். அந்த வாடகை மைதானத்தில் அபார்ட்மெண்ட் வரப்போகிறது. அதனால்தான் வீட்டிலேயே கோர்ட் போடச் சொல்லியிருக்கிறாள். கத்தா விஷயமும் குமரனைக் கேட்டதும் தெரிந்தது. வலைக் கம்பம் நடும்போது பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தன்னுடையது என்று தகராறு செய்வார் என பயந்து, அளவைச் சரிபார்க்க வாங்கிப் போயிருக்கிறான் குமரன். காகிதங்களைத் திரும்ப அம்மாவின் பீரோவிலேயே வைத்துவிட்டேன் என்றான். வைத்திருக்கிறானா என்று நான் பீரோவைத் திறந்து பார்த்தேன். கத்தா இன்னும் உங்கள் பேரில்தான் இருக்கிறது. இப்போதும் அவனை முழுசாக நம்புகிறேன் என்று சொன்னால் அது பொய்.

அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று நீங்கள் என்ன பார்த்தீர்கள் அப்பா? அவள் அடித்த ஒரு பந்தாவது கண்ணில் பட்டதா? நன்றாக ஆடினாய் என்று சொல்ல நினைத்து, வேறு எதையோ கேட்டுவிட்டீர்களா? உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் முதல் ஆட்டம். முழு அளவுக் களம் அந்த சைட்டில் அடங்காது. அடங்கிய வரைக்கும் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு ஆன்ட்டிக்குக் காய்ச்சல், ஆள் குறைந்தது. அம்மா என் கையில் பேட்டைக் கொடுத்துப் பின்கோட்டில் நிற்க வைத்தாள். வரிசையாக மூன்று பந்தை விட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"பந்தப் பாருடி. என்னப் பாக்காத."

வருகிற ஞாயிறும் போகிறேன், அதற்கடுத்த ஞாயிறும் போவேன். யார் யாருக்குக் கை கொடுக்கிறார்கள் என்று பார்க்க மாட்டேன். பந்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன் அப்பா, உங்களுக்கும் சேர்த்து.

அப்படியே உங்களைப்போல இருக்கும்
உங்கள் மூத்த மகள்,
சுமதி