தங்க விசாவும் தங்கிவாழ்பவரும்

முரசுமோட்டை,
பரந்தன்.
18.01.2025

அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா வரைந்துகொள்வது,

இவ்விடம் நானும், கதிர் முற்றி நிற்கும் காலபோக நெல்லும், கறவைப் பசு இரண்டும் இறைவன் அருளால் சுகமே இருக்கிறோம். அவ்விடம் நீயும் மருமகள் ஜெயரூபியும் பேரன் விதுசனும் அவ்வண்ணமே இருக்க வேண்டுமெனப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். அவ்விடம் என்று எழுதிவிட்டேனே தவிர, எவ்விடம் என்பதில் எனக்குத் தெளிவில்லை. நீ உண்பதும் உறங்குவதும் கட்டாரில். ஆனால் சென்ற கார்த்திகை முதல் நீ வதிவது போர்த்துக்கலில் என்று அந்நாட்டு அரசு அட்டை அடித்துத் தந்திருப்பதாகச் சொன்னாய். ஆகையால் உன் உடம்பு கட்டாரிலும் உன் வதிவிடம் போர்த்துக்கலிலும் ஒன்றையொன்று காணாமலே நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு மேலே எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல வேண்டியதை ஏன் எழுத்தில் வரைகிறேன் என்று நீ கேட்கக்கூடும். சென்ற மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் விடயத்தைத் தொட்ட கணமே, லைன் கிளியர் இல்லையம்மா என்று வைத்துவிட்டாய். கடிதத்திற்கு அந்த வசதி கிடையாது. தவிரவும், நீ கேட்ட பத்திரத்தின் மூலப்பிரதியைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பத்திரம் போகிற உறையிலே இதுவும் வந்து சேரும்.

முதற்கண் என் அறியாமையை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நீ தங்க விசா எடுக்கப்போவதாகச் சொன்னபோது, போய்த் தங்குவதற்கான விசா என்றே நான் விளங்கிக்கொண்டேன். பெரிதும் மகிழ்ந்தேன். பதினான்கு வருடமாக வெயிலில் நின்று பிறர் வீடுகளுக்குக் குளிரூட்டி பூட்டிக் கொடுத்து, இப்போது சொந்தமாக ஒரு கொம்பனியும் நடத்துகிற பிள்ளை இனியாவது ஓரிடத்தில் தங்கப்போகிறான் என்று பிள்ளையாருக்கு மோதகம் அவித்துப் படைத்தேன். பிறகு உன் தங்கை பிரியந்தினிதான், "அது தங்கிற தங்கமில்லையம்மா, நகைத் தங்கம்" என்று என்னைத் திருத்தினாள். காசைப் போட்டவருக்குக் கொடுக்கிற அனுமதியாம் அது. அவள் பரந்தனில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வருகிற பின்னேரங்களில், உன் வழக்கறிஞர் அம்மணி அனுப்பிய முப்பத்தாறு பக்கங்களையும் எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். வருடத்திற்குச் சராசரியாக ஏழு நாள் அந்நாட்டில் இருந்தாற் போதும், வதிபவர் என்றே கொள்ளப்படுவார் என்ற வரியை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். ஏழு நாள்! எங்கள் பகுதியில் செத்த வீட்டிற்குப் போகிற தூரத்து உறவினர்கூட எட்டாம் நாள் எட்டுச் செலவு முடித்துத்தான் திரும்புவார்கள். ஆக, தங்க விசா என்பதில் தங்குவதற்கு இடமில்லை, தங்கத்திற்கு மட்டுமே இடமுண்டு என்று அன்று முடிவாக அறிந்துகொண்டேன். மோதகத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

அந்த விசாவுக்காக நீ வாங்கிய வீட்டின் படத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தேன். மலைச்சரிவில் நிற்கிற கல் வீடு, அப்போது கூரை இல்லை. பிள்ளைகள் எல்லாரும் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய், வயதுபோன பெண்கள் மட்டும் எஞ்சியிருக்கிற ஊர், அதனாலேதான் விலையிலே சலுகை என்று நீயே பெருமையாகச் சொன்னாய். மகனே, கூரை போன வீடும், பிள்ளைகள் போன ஊரும், வாசலில் கதிரை போட்டுக் குந்தியிருக்கும் கிழவிகளும்தான் உனக்கு வேண்டுமென்று முன்பே அறிவித்திருந்தால், முரசுமோட்டையில் எல்லாவற்றையும் இலவசமாக ஒழுங்குசெய்து தந்திருப்பேன். நம் வயலுக்கு அடுத்த வயற்காரர் ராசு அண்ணையின் தமையன் வீடு சண்டை முடிந்த நாள் தொடக்கம் கூரையில்லாமல்தான் நிற்கிறது. உன் படத்தில் உள்ளதைவிட மரங்கூட ஒன்று அதிகமாக உள்ளே முளைத்திருக்கிறது. முதலீட்டாளர் ஒருவரைத்தான் இன்னும் காணோம். மொழி படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஜெயரூபி குறைப்பட்டாள். அவளைப் பயப்பட வேண்டாமென்று சொல். கதிரை, மேசை, அலுமாரி, குசினி, சப்பாத்து, பாண் எல்லாம் முன்னே நம்மை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள் என்று நூலகத்துப் புத்தகத்தில் வாசித்திருக்கிறேன். குசினிக்குள் நின்று சமாளிக்கிற அளவு போர்த்துக்கேயம் உன் மனைவிக்குப் பிறவியிலேயே தெரியும்.

இனி விடயத்திற்கு வருகிறேன். உன் அட்டையோடு சேர்த்து எனக்கும் ஓர் அட்டை எடுக்கலாம், முதலீட்டாளரின் பெற்றோரையும் அவர்கள் ஏற்பார்கள் என்று எழுதியிருந்தாய். உன் மனத்தை நான் அறியாதவள் அல்லள். சென்ற ஆடியில் வாய்க்கால் கட்டில் வழுக்கி விழுந்து நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தபோது, நீ வர முடியாமல் தொலைபேசித் திரையில் அழுததை வார்டிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி எனக்காக அழத் தொடங்கிவிட்டாள். அந்தப் பயத்தில்தான் நீ இதைச் செய்கிறாய் என்பது எனக்கு விளங்கியே இருக்கிறது. ஆனால் அவர்கள் ஏற்பது எல்லாப் பெற்றோரையும் அல்ல, தங்கிவாழும் பெற்றோரை மாத்திரமே. ஆதலால், எனக்குக் காணியோ தொழிலோ வருமானமோ கிடையாது, முற்றிலும் மகனிலேயே தங்கிவாழ்கிறேன் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதை உறுதிப்படுத்திக் கிராம சேவையாளரிடம் ஒரு கடிதமும் வாங்கி, தை முடிவதற்குள் அனுப்ப வேண்டுமென்றாய். கடதாசி என்பதும் போர்த்துக்கேயர் தந்த சொல்தானாம். சத்தியம் மட்டும் நம்முடையது. அவர்கள் தந்ததை அவர்களுக்கே திருப்பி அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. நம்முடையதை ஏன் கெடுத்து அனுப்ப வேண்டும் என்பதே என் கேள்வி.

இருந்தாலும் பிள்ளை கேட்டதைச் செய்யவில்லை என்ற சொல் வரக்கூடாது என்று, சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டு நம் கிராம சேவையாளர், ஜி.எஸ். யோகலிங்கத்திடம் போனேன். அவர் நீ எழுதியனுப்பிய மாதிரிக் கடிதத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் வாசித்தார். பிறகு, "அக்கா, ஐப்பசியில இவ மூண்டு ஏக்கர் விதைச்சிருக்கிறா, உர மானியம் குடுங்கோ எண்டு எழுதித் தந்தனான். தையில இவ ஒண்டுமில்லாத மனுசி எண்டு எப்பிடி எழுதிறது? ரெண்டிலயும் என்ர கையெழுத்தெல்லே கிடக்கும்" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு மேலும் ஒன்று சொன்னார். நமது வயல் சொந்த உறுதிக் காணி அன்று, அரசு அனுமதிப்பத்திரக் காணி; அதிலே வதிந்து பயிர் செய்கிறவருக்கே அது உரியது; காணியே இல்லை என்று நானே சத்தியம் செய்து கையொப்பமிட்டால், நாளைக்கு யாராவது அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போய்க் காணியைக் கேட்க அதிக நேரம் எடுக்காது என்றார். அப்படியானால் இங்கேயும் வருடத்துக்கு ஏழு நாள் வந்து நின்றால் வதிபவர் என்று கொள்வீர்களா என்று கேட்டேன். அந்த மனிதர் வேலைக்கு வந்த நாள் தொடக்கம் அப்படிச் சிரித்திருக்க மாட்டார். வாசலில் முத்திரைக்கு நின்றவர்களுக்கும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லத் தொடங்கியபோது நீ கூறிய மறுமொழி, "ஒரு சொல்லுத்தானே அம்மா, ஃபோமுக்குத்தானே" என்பது. அதற்குப் பிறகுதான் லைன் கிளியர் இல்லாமற் போனது. ஆதலால் அந்தச் சொல்லைப் பற்றி இங்கே எழுதுகிறேன், ஒரு தரம் மட்டும். சண்டைக்குப் பின் செட்டிகுளம் முகாமில் கூடாரத்தில் இருந்த காலத்தில் நமக்குத் தந்த அட்டையில் உன் அப்பாவின் பெயருக்குக் கீழே தங்கிவாழ்பவர் மூவர் என்று எழுதியிருந்தது. நீ, பிரியந்தினி, நான். அரிசியும் பருப்பும் சீனியும் அந்தச் சொல்லுக்குத்தான் அளந்து தந்தார்கள். வரிசையில் நிற்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, தங்கிவாழ்பவர் எத்தனை என்றுதான் கேட்டார்கள். நீயும் அந்த வரிசையில் என்னோடு நின்றவன்; சட்டி உன் கையிலேதான் இருந்தது. அதற்கு முன்னர் நான் ஒருநாளும் பிறர் அளந்து தந்ததை உண்டவள் அல்லள். திரும்பி வந்து, பற்றை வெட்டி, கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்பு எச்சரிக்கைத் தடியைப் பிடுங்கிய மறுவாரமே விதைத்தோம். அந்த முதல் நெல் வீட்டுக்கு வந்த அன்று அப்பா அட்டையைக் கிழிக்க வேண்டாம், தேவைப்படும் என்றார். நான் கிழித்தேன். அதன்பின் ஐந்து வருடத்தில் அவரும் போனார். அந்த வருடமும் வயல் வெறுமையாய்க் கிடக்கவில்லை. எனவே, அது ஒரு சொல்லுத்தான் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்குள் நான் ஒருதரம் இருந்துவிட்டு வந்தவள் என்பதை நீ ஏற்றுக்கொள்.

நான் வெளிநாடு போகப்போகிறேன் என்ற கதை ஜி.எஸ். கந்தோரிலிருந்து எனக்கு முன்னரே ஊருக்கு வந்துவிட்டது. ராசு அண்ணை மறுநாள் காலையிலேயே, உரித்த தேங்காய் இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் சுகம் விசாரிக்க வந்தார். பதினைந்து வருடமாக அடுத்த வயலில் இருக்கிறவருக்கு என் சுகத்தில் அக்கறை பிறந்தது இதுவே முதல் முறை. "பிள்ளை, நீ போறதெண்டால் வயலை வேற ஆக்களிட்டைக் குடுத்திடாதை, எங்களுக்குள்ள ஒரு எழுத்து எழுதிப்போட்டு நானே பாக்கிறன்" என்றார். தேங்காயை வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். அவர் படலை தாண்டியதும் யோசித்து முடித்தேன். வியாழக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய், எனக்குப் பின் காணி யாருக்கு என்று அனுமதிப்பத்திரத்தில் வெறுமையாய்க் கிடந்த பகுதியில் பிரியந்தினியின் பெயரைப் பதிவித்துவிட்டேன். மூத்தவன் நீ இருக்க இளையவளுக்கா என்று நீ மனம் நோகக்கூடும். உன்னை நான் தள்ளிவிடவில்லை. அந்தப் பத்திரம் வதிபவரைக் கேட்கிறது, தங்கத்தைக் கேட்கவில்லை. அவள் மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் வரம்பில் வந்து நிற்கிறாள். உனக்கு மலையில் ஒரு கல் வீடு இருக்கிறது.

அதற்காக உன் வீட்டைப் பார்க்க மாட்டேன் என்று எண்ணிவிடாதே. மாசியில் அறுவடை முடித்து, நெல்லை விற்று, பங்குனியில் வரக்கூடியதாக இருக்கும். வதிபவளாக அல்ல, வருகை தருபவளாக ஒரு சாதாரண விசா எடுத்து அனுப்பு. பயணச் சீட்டை நானே எடுப்பேன். பத்து நாள் நிற்பதாக உத்தேசம். அப்படிப் பார்த்தால் அந்த நாட்டில் வதிகிற உன்னைவிட மூன்று நாள் அதிகமாக வதிந்தவள் நானாக இருப்பேன். கூரை ஒழுகுகிறதா என்று முதல் மழைக்கே போய்ப் பார். கல் வீடு வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் பிடிக்கும். விதுசனுக்குத் தமிழ் எழுத்தைக் கையால் எழுதிப் பழக்கு. சென்ற பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய வாழ்த்தில் அம்மம்மா என்று இருந்தது, நான் அப்பம்மா. இரவில் வண்டி ஓட்டாதே. கொம்பனியில் கூட்டாளியை நம்பு, ஆனால் கையொப்பமிட முன் வாசி.

சத்தியக் கடதாசி இத்துடன் இருக்கிறது. நேற்று பரந்தனில் சமாதான நீதவான் ஐயா முன்னிலையில் முடித்தேன். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். அருந்ததி பரமேஸ்வரன் ஆகிய நான், மூன்று ஏக்கர் நெற்காணியில் கமம் செய்து என் சீவனத்தை நானே நடத்தி வருகிறேன் என்றும், பரமேஸ்வரன் சுகிர்தன் என்பவர் எனது மகன் என்றும், அவரில் நான் தங்கிவாழவில்லை என்றும், அவர் மீது எனக்கு அளவிறந்த அன்பு உண்டு என்றும் அதிலே கண்டிருக்கிறது. இதை வைத்து எனக்கு அட்டை கிடையாது என்பது எனக்குத் தெரியும். உன் வழக்கறிஞர் அம்மணிக்கு மொழிபெயர்த்துக் காட்டுவதும் கோப்பில் மூடி வைப்பதும் உன் விருப்பம். கடைசி வரி சட்டத்துக்குத் தேவையில்லை, வெட்டிவிடுவோமா என்று ஐயா கேட்டார். சத்தியக் கடதாசி என்றால் உண்மை முழுவதும் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் வெட்டாமலே முத்திரையைக் குத்தினார்.

எல்லாம் வல்ல இறைவன் உன்னையும் உன் குடும்பத்தையும், நீங்கள் இருக்கிற இடத்திலும் இருப்பதாகச் சொல்லப்படுகிற இடத்திலும், ஒருசேரக் காத்தருள்வாராக. பயண விசாவுக்குரிய விண்ணப்பத்தை இம்மாத முடிவுக்குள் அனுப்ப மறவாதே.

இங்ஙனம்,
உன் அன்புள்ள அம்மா,
அருந்ததி பரமேஸ்வரன்
(தொழில்: கமம்)