கூழைக்கடாக் கோப்பை

மகளே,

நீ அனுப்பிய பீங்கான் கோப்பை நார்ஃபோக்கில் நம் வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகிறது. அதில் உன் மீட்புப் பிரிவின் சின்னம்: அலகில் கயிற்றைக் கவ்விய கூழைக்கடா. பழுதான கப்பலை அது கரைக்கு இழுத்து வருமாம். "மீனுக்குப் பிச்சை கேக்குற மூஞ்சி" என்று அலமாரியில் வைத்துவிட்டேன். என் பேச்சை மீறி நீ கடற்படையில் சேர்ந்த கோபம்தான்.

போன மாதம், நான் கப்பலில் வேலை பார்த்த நாளிலிருந்து வைத்திருந்த காபிக் கோப்பை உடைந்தது. முப்பது வருடக் காபிக் கறை, ஒருநாளும் கழுவியதில்லை. மாலுமிக்கு அதுதானே கௌரவம்! வேறு வழியில்லாமல் உன்னுடையதை எடுத்தேன்.

இன்று அம்மா அதைத் தேய்க்கப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"அலமாரியிலதான் இருக்கணும்னீங்களே?"

"கழுவிடாதடி! இப்பதான் கறை பிடிக்குது."

சிரித்தாள்.

விடுப்பில் வந்தால் உனக்கு வேறு கோப்பைதான். கூழைக்கடாவைத் தரமாட்டேன்.

உன் அப்பா