இத்தாலிப் படமும் நாற்பத்துநாலு சீட்டும்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஆபீஸ் லீவு. ஃபிலிம் சொசைட்டியின் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இத்தாலிப் படம். ஏரிக்கரை விடுதி, நாலு கொலை, கறுப்புக் கையுறை. வெளிவந்தபோது விமர்சகர்கள் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். தியேட்டரில் மட்டும் கூட்டம். இப்போது அதே படத்தை வர்ணம், ஒளி என்று தலையில் வைத்து ஆடுகிறார்கள். இரண்டையும் எழுதினேன். பிறகு கதை, முழுசாக. சொசைட்டியில் பெரும்பாலும் மலையாளிகள், அதனால் மலையாளத்தில் இரண்டு பக்கம்.

வாங்க: வெள்ளைத்தாள், உளுந்து, கொசுவத்தி.

ஜூன் 11, வியாழன்

வழக்கம்போல குறிப்பை இவரிடம் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாக இவர்தான் என் முதல் வாசகர். காபி குடித்தபடி பார்த்தார்.

"நன்னா வந்திருக்கு. ஒண்ணும் மாத்த வேண்டாம்."

சாலைக் கடைத்தெருவில் அறுபது நகல் எடுத்தேன். அங்கே நிற்கும்போதே சொசைட்டிச் செயலாளர் ஜெபராஜ் போன். பாறசாலைக்காரர், என்னைவிடச் சின்னவர்.

"சேச்சி, கமிட்டில இந்தக் குறிப்புப் பேப்பர நிறுத்தணும்னு சொல்லுகாங்க, கேட்டோ. இப்பம் ஆரு வாசிக்கா? செவ்வாக்கிழம முடிவு பண்ணணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல. ஆபீஸ் ஃபைலைத் தவிர நாலு பேருக்காக நான் எழுதுவது அது ஒன்றுதான்.

ஜூன் 14, ஞாயிறு

மாலை ஐந்தரைக்குப் படம். மழை கொட்டியது. சாதாரணமாக இவர் என்னை ஹால் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். இன்று போக முடியாமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் காட்சியிலேயே விடுதியில் இஸ்திரி போடுகிறவள் வந்தாள். பின்வரிசையில் சிரிப்பு. யாரோ என் குறிப்பைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். அப்போதுதான் உறைத்தது. கொலைகாரி யார் என்று எழுதிவிட்டேன்.

முன்பெல்லாம் பிரிண்டில் சப்டைட்டில் இருக்காது. கதையை முழுக்க எழுதிக் கொடுத்தால்தான் வந்தவர்களுக்குப் படம் புரியும். அந்தப் பழக்கம் கையை விடவில்லை. துப்பறியும் படத்துக்கும் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

இவர் காதருகில், "என்னத்துக்குச் சிரிக்கறா?"

என் மானத்தைக் காப்பாற்ற, ஒன்றும் தெரியாத மாதிரி கேட்கிறார், பாவம் என்று நினைத்தேன்.

ஏழு பேர் பாதியில் எழுந்து போனார்கள். முடிந்ததும் மற்றவர்கள் கருத்துச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். பெயர் போட வேண்டாம் என்பது விதி. யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

ஜூன் 15, திங்கள்

தலைவலி. மழை விட்டிருக்கிறது. ஜெ. போன்.

"கொலைகாரி ஆருன்னு போட்டுட்டீங்களே, சேச்சி. வீட்ல ஆரும் பாக்கல்லியா?"

"எங்காத்துக்காரர் பாத்தாரே."

"சார் பாத்துமா?"

வைத்த பிறகு இவர்மேல் எரிச்சல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். சாயங்காலம் பேசவில்லை. தோசை மட்டும் வார்த்துப் போட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

கமிட்டிக்கு முன்னால் சீட்டுகளை எண்ணி முடிக்க வேண்டும். காலையிலேயே பெட்டியைத் திறந்தேன். மொத்தம் 44.

கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டீர்கள் – 31
ரத்தம் பெயின்ட் மாதிரி இருக்கிறது – 5
வர்ணம் அபாரம் – 4
ஃபேன் ஓடவில்லை – 2

ஒருவர் மட்டும்: அவள்தான் என்று தெரிந்ததால் கடைசிவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாவமாக இருந்தது. இதை இரண்டு தடவை படித்தேன்.

மிச்சம் ஒன்று. மற்றதெல்லாம் மலையாளம், இது தமிழ். "டாக்டர்தான் கொலையாளி என்று நினைத்திருந்தேன். இஸ்திரிக்காரி என்று கனவிலும் தோன்றவில்லை. பிரமாதம்." மளிகை லிஸ்டில் தினம் பார்க்கும் கையெழுத்து.

சீட்டை எடுத்துக்கொண்டு நேரே இவரிடம் போனேன்.

"ஏன்னா, நான் எழுதினதை நீங்க படிக்கவே இல்லையா?"

பேப்பரை மடித்தார்.

"மலையாளம் பேசுவேன். படிக்கணும்னா எழுத்துக் கூட்டணும். அம்பாசமுத்திரத்துல யார் சொல்லிக் கொடுத்தா? ரெண்டு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். நீ ஆசையாக் கொண்டுவந்து நீட்டறே. எப்படிச் சொல்றது?"

முதலில் கோபம். பிறகு வெட்கம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். இவருக்கு ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ்ப் பேப்பர். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மாலை கமிட்டி. கணக்கை வாசித்தேன். ஜெ.தான் ஆரம்பித்தார்.

"சீட்டுல திட்டுன முப்பத்தொண்ணு பேரும் வாசிச்சிருக்காங்கல்லோ. அப்பம் பேப்பர் இருக்கட்டும்."

பேப்பர் தொடரும் என்று முடிவு. சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இவர், "அப்படி என்னதான் எழுதியிருந்தே?"

நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசிப் பத்தியில் இஸ்திரிக்காரி வந்ததும் நிமிர்ந்தார்.

"அடிப்பாவி, இதையா படத்துக்கு முன்னாடி கொடுத்தே?"

ஆக, திட்டு முப்பத்திரண்டு.