நாலாவது பாட்டுக்கு ஒரு கையெழுத்து

லண்டன்,
4 மார்ச் 1986

அன்புள்ள டெரிக்,

இன்று மதியம் மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு, நம் பேண்டின் முதல் ஆல்பத்தின் அட்டையில் யாரும் சிரிக்கப்போவதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. நீ கிரிம்ஸ்பியில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்ததால் உன் ஓட்டையும் நானே போட்டேன். ஆல்பத்தின் பெயர் 'வாங்கியதற்கு நன்றி, முட்டாள்களே'. கம்பெனிக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு.

நீ ட்ரம்ஸ் அடித்துவிட்டுப் போன நாலாவது பாட்டுக்கு நேற்றுதான் வரிகள் எழுதிப் பாடினேன். தொடக்கத்தில் உங்கம்மா குரல் வருகிறது. உங்கள் கராஜில் ஒத்திகை பார்த்தபோது டேப்பில் விழுந்ததே, "சாசேஜ் ஆறுது, கையக் கழுவிட்டு வாங்கடா கழுதைங்களா!" அதுதான். அதற்கு அவர் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். படிவம் இதனுடன். கேசட் பின்னால் வரும். மொரீன் ஆன்ட்டிக்கு என் முத்தங்கள்.

உன்,
க்ளைவ்

கிரிம்ஸ்பி,
9 மார்ச்

க்ளைவ்,

கையெழுத்துப் போட அம்மா லிப்ஸ்டிக் பூசிக்கொண்டாள். "என் குரல் ரெக்கார்டுல வருதா? அந்தப் பய க்ளைவுக்கு என் மேல எவ்வளவு பாசம் பாரேன்!" பிங்கோ ஆடப் போகும் ஹால் முழுக்கச் சொல்லிவிட்டாள். படிவத்தை வெள்ளிக்கிழமை தபாலில் போட்டேன். கேசட் சனிக்கிழமை வந்தது.

கேட்டேன். பாட்டு முழுக்க எங்கள் வீடு, என் அம்மா. பழுப்பு ரோஜா வால்பேப்பர். டிவி விளம்பரத்துக்கு அழும் விதவை. செத்த புருஷனின் வீட்டுச் செருப்பை இன்னும் கணப்புப் பக்கத்தில் வைத்திருப்பவள். செருப்பு விஷயத்தை வெளியாட்களில் உன்னிடம் மட்டும்தானே அவள் சொன்னாள்? நாலு வருஷம் அவள் கையால் தின்ற வாய்தானே அது?

மேளத்தை முதலில் பதிவு செய்து வரியைக் கடைசியில் எழுதுவது நம் வழக்கம். நான் காதல் பாட்டென்று நினைத்து அடித்தேன். பெற்றவளைக் கேலி செய்ய நானே தாளம் போட்டிருக்கிறேன்.

அவள் கேட்பதற்குள் அதை எடுத்துவிடு. வேறெதுவும் கேட்கவில்லை.

டெரிக்

லண்டன்,
12 மார்ச்

அன்புள்ள டெரிக்,

படிவம் கிடைத்தது, நன்றி. உங்கம்மாவுக்கு என்ன அழகான கையெழுத்து! நீ வீணாகக் கொதிக்கிறாய். அது உங்கம்மா இல்லடா, அந்த மாதிரி ஆட்கள். விவரமானவர்களுக்குப் புரியும். கம்பெனி அதைத்தான் முதலில் ரேடியோவுக்கு அனுப்புகிறது.

அட்டைக்கு உன் பழைய படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அதில் சிரித்திருந்தாய். வாயை மட்டும் சரிசெய்துவிட்டார்கள்.

மொரீன் ஆன்ட்டிக்கு பேண்டில் மீதி நாங்கள் மூவரும் கையெழுத்திட்ட பிரதி வரும்.

என்றும் உன்,
க்ளைவ்

கிரிம்ஸ்பி,
18 மே

க்ளைவ்,

ரெக்கார்டு வந்தது. அம்மா என்னைத் தொடவிடவில்லை. பிங்கோ தோழிகள் மூன்று பேரை டீக்கு அழைத்து, அவர்கள் முன்னால்தான் போட்டாள். தன் குரல் வந்ததும் கைதட்டினாள். மிச்சத்தை நின்றுகொண்டே கேட்டாள்.

"மெட்டு நல்லாருக்கு, மொரீன்" என்றாள் டோரத்தி.

"ஆமா. டீ ஆறுது, குடிங்கடி" என்றாள் அம்மா.

உங்களுக்கு இனி நான் வாசிக்கமாட்டேன். உன் ஆம்ப்ளிஃபையர் கராஜ் வாசலில், வெளியே இருக்கிறது.

முன்னறை வால்பேப்பரை அம்மா உரித்துவிட்டாள். சுவர் இப்போது வெள்ளை. அப்பாவின் செருப்பு செவ்வாய்க்கிழமைக் குப்பை வண்டியில் போயிற்று.

டெரிக்