மூன்று மணிக் கஞ்சி

12 ஜூலை 1961, புதன்

தென்காசி கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்துவிட்டது. எங்கள் நர்ஸிங் ஹோமில் படுக்கைப்புண்ணோடு செத்துப்போன பெரியவரைக் கவனிக்காமல் விட்டோம் என்று அவர் மகள் வழக்குப் போட்டிருக்கிறாள். நான்தான் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்.

டாக்டரம்மா தைரியம் சொன்னார். "பயப்படாதட்டி. நோட்டுல எல்லாம் எழுதியிருக்கல்லா? வக்கீல்ட்ட குடுத்தாச்சு. அது போதும்."

அந்த நோட்டுதான் எனக்குப் பயமே. சாரல் காலத்தில் காய்ச்சல்காரர்கள் வந்து குவிவார்கள், ஆள் பற்றாது. அதனால் முழு நாளுக்கும் காலையிலேயே எழுதி வைத்துவிடுவோம். பெரியவரின் கடைசி நாளன்றும் அப்படித்தான் எழுதினேன். புண்ணைத் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், மூன்று மணிக்குக் கஞ்சி குடித்தார் என்று. அப்புறம் நடக்காததை அடித்துவிட மறந்துவிட்டேன்.

அவர் பகல் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டார். பார்க்க வந்த மகளின் மடியில்.