நிலா போன தூரம்

இன்று மாலை நகவெட்டியைக் கையிலெடுத்தபோது, மேற்கு மலைக்கு மேலே ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்தின் பிறை தெரிந்தது. உங்கள் மார்க்கத்தின் கடமை எனக்கில்லை. ஆயினும் நகவெட்டியை மேசைக்குள் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நம் பள்ளத்தாக்கில் பிறை பார்ப்பது எளிதன்று. கம்பம் ஊருக்கு மேற்கே மலை முந்திக்கொண்டு அதை விழுங்கிவிடும். புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிய ஆண்டின் நோன்பு மாதத்தில், உன் ஏலக்காய்க் கடை மாடியில் நின்று, இயற்பியல் கற்பிப்பவன் என்ற உரிமையில் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆதியில் செவ்வாய் அளவுள்ள கோளொன்று பூமியின்மீது மோதியது. தெறித்த குழம்பு திரண்டு நிலாவாயிற்று என்று அறிஞர் கருதுகின்றனர். அப்போது நிலா மிக அருகில் இருந்தது. பூமி விரைந்து சுழன்றதால் ஒரு நாள் என்பதே சில மணி நேரம்தான்.

நோன்பு திறக்கக் காத்திருந்த நீ பெருமூச்சு விட்டாய். "வச்ச ஒடனே தொறந்திருக்கலாம். பிந்திப் பொறந்துட்டோம் மாப்ள."

அக்காலத்தில் நோன்பு வைக்க மனிதரே இல்லை என்று திருத்தினேன். நிலா இன்றும் விலகிக்கொண்டிருக்கிறது, ஏறக்குறைய விரல் நகம் வளரும் வேகத்தில், என்றபோது மட்டும் நீ சிரிக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிப் பலி கொடுப்பவர், அம்மாதப் பிறை கண்டது முதல் கிடாயை அறுக்கும்வரை நகம் வெட்டுவதில்லை. அந்த ஆண்டு மார்கழியில் நுரையீரல் நோயோடு நீ தேனியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாய். உடம்பு துடைக்க வந்த செவிலியர் நகவெட்டியை எடுத்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். நோயாளிக்கு விலக்கு இருக்குமே என்று கேட்டேன்.

"இருக்கும் மாப்ள. ஆனா வெட்டிட்டா, பெருநாளுக்கு நான் இல்லன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

பிறகு விரலைச் சன்னல் வெளிச்சத்தில் நீட்டி, "நிலா எம்புட்டுப் போயிருக்கு?" என்றாய். அவ்வளவாக இல்லை என்றேன்.

பெருநாளுக்கு முந்தைய நாள் விடியலில் நீ போய்விட்டாய். குளிப்பாட்டும்போது நகத்தை என்ன செய்வதென்று யாரோ கேட்க, இருக்கட்டும் என்றார் பள்ளிவாசல் ஹஜ்ரத். துணியிட்டு மூடுமுன் உன் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. விரல் நுனியில் கீற்றாக ஒரு வெள்ளை விளிம்பு: நீ காத்திருந்த நாட்களில் நிலா நம்மை விட்டுப் போன தூரம். அதன்பின் எந்தப் பிறையையும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

மறுநாள் முற்பகல் உன் தம்பி வாழையிலைப் பொதியோடு என் வாசலில் நின்றான். "அண்ணன் குர்பானிக்குன்னு நிய்யத்து வச்ச கிடா. அவக பேருலயே குடுத்துட்டோம் சார். ஒங்க பங்க மொதல்ல குடுக்கச் சொல்லிட்டுப் போனாக."

சாவு விழுந்த வீட்டிலிருந்து காரியம் முடியும்வரை எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு முறை. அதைச் சொல்லத்தான் என் மனைவி உள்ளிருந்து வந்தாள். முறைகளை மீறிப் பழகியவனல்லன் நான். இரு கைகளையும் நீட்டினேன்.

அறுத்துச் சிறிது நேரமே ஆகியிருந்தது. இலையைத் தாண்டி உயிர்ச்சூடு உள்ளங்கையில் ஏறியது; முந்தைய நாள் உன் விரல்களில் நான் தேடிக் கிடைக்காத சூடு. பொதியை இறக்கி வைத்த பின்னும் அது இறங்கவில்லை. இன்னும் இறங்கவில்லை.